ஸ்பான்சர் என்பதும் ஒரு பிணையே

வெளிநாட்டில் வாழும் ஒருவரை மணந்து அங்கே குடியேறவிருக்கும் மகளோ மகனோ உள்ள குடும்பம், என்றாவது ஒருநாள் வங்கிக் கிளையின் படியேறியே ஆகவேண்டும். ஆறு மாதக் கணக்கு அறிக்கை, கிளை முத்திரையுடன் இருப்புச் சான்றிதழ், மணமக்கள் இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு என்று அவர்கள் கேட்பவை ஏறத்தாழ ஒரே வகையாக இருக்கும். “ஸ்பான்சர் ஃபைலுக்கு வேண்டும் சார்” என்று காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த ஃபைலில் யார், யாரிடம், என்ன எழுதிக் கொடுக்கிறார் என்று கேட்டால், “மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொள்கிறார்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

கூப்பிட்டுக்கொள்வது அன்பின் செயல். ஸ்பான்சர் செய்வது ஓர் அரசாங்கத்திடம் எழுத்து மூலம் ஏற்கும் கடப்பாடு. வங்கியின் மொழியில் சொன்னால் அது ஒரு பிணை. இரண்டு லட்ச ரூபாய்க் கடனுக்குப் பிணை நிற்பவரிடம் வருமானச் சான்று, வரிக் கணக்கு, பழைய கடன்களின் வரலாறு ஆகிய அனைத்தையும் கேட்டுப் பெறுகிறோம். பெற்ற பிள்ளையின் வாழ்வுக்கே பிணை நிற்பவரிடமோ ஜாதகத்தையும் சம்பளத்தையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை. இந்த நிலை மாறவேண்டும். ஸ்பான்சர் குறித்த கேள்விகளைத் திருமணப் பேச்சின்போதே கேட்டுவிட வேண்டும்; ஸ்பான்சர் செய்யப்படுகிறவர் தம் பெயரிலேயே பணமும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புபவை.

எழுதிக் கொடுப்பது என்ன?

அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். கணவனையோ மனைவியையோ கிரீன் கார்டு பெற அழைப்பவர் ‘ஐ-864’ என்னும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வருகிறவரைத் தம் குடும்பத்தில் சேர்த்து எண்ணி, அக்குடும்பத்திற்கு அந்நாட்டு அரசு வகுத்துள்ள வறுமைக்கோட்டு வருமானத்தில் குறைந்தது 125 விழுக்காட்டு நிலையிலாவது அவரைத் தாங்குவதாக உறுதியளிக்கும் ஒப்பந்தம் அது. அவ்வளவு வருமானம் இல்லாதவர் வேறொருவரை இணைப் பிணையாளராகக் கொண்டுவரலாம். அல்லது சொத்துகளைக் காட்டலாம். அமெரிக்கக் குடிமகன் தம் துணையை அழைக்கும்போது அச்சொத்தின் மதிப்பு, குறையும் வருமானத்தைப்போல் மூன்று மடங்காக இருக்கவேண்டும்.

இந்த ஒப்பந்தத்தில் நம் குடும்பங்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. மணமுறிவு ஏற்பட்டாலும் இக்கடப்பாடு முடிவதில்லை. வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெறவேண்டும்; அல்லது அவர் கணக்கில் நாற்பது காலாண்டுகளின் உழைப்பு பதிவாகவேண்டும்; அல்லது அவர் அந்நாட்டில் வசிப்பதைக் கைவிட்டு நிரந்தரமாக வெளியேறவேண்டும்; அல்லது இருவரில் ஒருவர் இறக்கவேண்டும். அதுவரை கையெழுத்து உயிரோடு இருக்கும். தாங்குவதாகச் சொன்னவர் தாங்காவிட்டால், வந்தவரே நீதிமன்றம் செல்லலாம். கைவிடப்பட்ட நிலையில் ஊர் திரும்பும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த உரிமை தெரிந்திருக்கும்?

கனடாவில் அளவு வேறு, தன்மை ஒன்றே. துணையை அழைப்பவர், அவர் நிரந்தர வசிப்புரிமை பெற்ற நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்வதாக உறுதி கொடுக்கிறார். அந்த மூன்றாண்டுக்குள் வந்தவர் அரசின் சமூக உதவித்தொகையைப் பெற நேர்ந்தால், அத்தொகையை அழைத்தவர் அரசுக்குத் திருப்பிச் செலுத்தவேண்டும். இங்கும் மணமுறிவு ஒரு விலக்கு ஆகாது. முந்தைய துணைக்குக் கொடுத்த உறுதியின் மூன்றாண்டு முடியாதவர் புதிய துணையை அழைக்க முடியாது. துணையால் அழைக்கப்பட்டுக் குடியேறியவர், தாம் வசிப்புரிமை பெற்ற நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு வேறொரு துணையை அழைக்க முடியாது. முன்பு கொடுத்த உறுதியை நிறைவேற்றத் தவறியவரும், திவாலாகி அந்நிலையிலிருந்து விடுபடாதவரும் தகுதியிழக்கிறார்கள். கடன் கேட்டு வருபவரின் பழைய கடன் வரலாற்றைப் பார்க்கும் நமக்கு இவ்விதிகள் அந்நியமானவை அல்ல.

பிரிட்டனில் துணையை அழைப்பவருக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இடையில் நிச்சயம் செய்து, பிறகு விண்ணப்பித்த குடும்பங்களின் கணக்கு ஒரே நாளில் தவறிப்போயிற்று. அங்கே போய்ச் சேர்ந்தவுடன் நிரந்தர உரிமையும் கிடைத்துவிடாது. முதல் விசா, அதன் நீட்டிப்பு என்று ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்தே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்குப் பெரும்பாலும் முதலில் தற்காலிக உரிமையும், விண்ணப்பித்து இரண்டு ஆண்டளவில் நடைபெறும் மறுபரிசீலனைக்குப் பின் நிரந்தர உரிமையும் கிடைக்கின்றன.

எந்த நிலையில் இருப்பவர் கூப்பிடுகிறார்?

‘மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்’ என்ற ஒரே தொடருக்குள் வெவ்வேறு எதிர்காலங்கள் அடங்கியிருக்கின்றன. அவர் அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், அவருடைய மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஆவணப் பரிசீலனைக்கு ஆகும் காலம் மட்டுமே. அவர் கிரீன் கார்டு வைத்திருப்பவராக இருந்தால், மனைவியின் விண்ணப்பம் ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது, வரிசையில் காத்திருக்கவேண்டும். அவர் எச்-1பி விசாவில் பணிபுரிபவராக இருந்தால், அந்த விசாவைக்கொண்டு மனைவிக்கு நிரந்தர உரிமை வாங்கித்தர முடியாது. அவர் எச்-4 விசாவில் சார்ந்திருப்பவராகவே செல்லலாம். கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தாலொழிய அவர் அங்கே வேலை செய்வது எளிதல்ல. கணவருக்கு வேலை வழியில் கிரீன் கார்டு கிடைக்கும்போது மனைவிக்கும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் இந்தியர்களுக்கான அந்த வரிசை பல ஆண்டு நீளமுடையது.

இங்கே வேலையில் இருக்கும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு தலைவிதியையே மாற்றக்கூடியது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரமே வேலையை விட்டுவிட்டு, ‘விசா வந்துவிடும்’ என்று காத்திருக்கும் பட்டதாரிப் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறும். பிறகு இருப்பு மெல்லக் கரையும். காத்திருப்பு ஓராண்டைக் கடந்தால் அவருடைய பணி அனுபவத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியை அங்கே போய் நிரப்புவது மேலும் கடினம். விசா கைக்கு வந்தபின் பணிவிலகல் கடிதம் கொடுத்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. முன்னதாக விலகுவதால் எந்தத் தூதரகமும் விரைவாக விசா தருவதில்லை.

காட்சிக்கு வைக்கும் பணம்

ஃபைலுக்காகப் பணம் ‘காட்டும்’ வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மாமாவிடமிருந்து ஒரு தொகை, சித்தப்பாவின் வைப்புநிதியை முறித்து ஒரு தொகை என்று கணக்கில் சேர்த்து, மறுநாள் இருப்புச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் பணம் வந்த வழியே திரும்பிவிடும். கணக்கில் இருந்த தொகையைச் சான்றளிப்பது வங்கியின் கடமை. அதைச் செய்துதான் ஆகவேண்டும். ஆனால் அந்தத் தாளால் விளையும் பயன் குறைவு, கேடு அதிகம்.

பிரிட்டனின் விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வருமானத்துக்கு மாற்றாகச் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு வேண்டும். முதல் 16,000 பவுண்டு கணக்கில் சேராது. அதற்கு மேற்பட்டதை இரண்டரையால் வகுத்து வருவதே ஆண்டு வருமானத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும். இதைவிட முக்கியமானது, அத்தொகை விண்ணப்பிப்பதற்கு முன் ஆறு மாதம் தொடர்ந்து தம்பதியரின் கட்டுப்பாட்டில் இருந்திருக்கவேண்டும் என்பது. நன்கொடையாக வந்த பணம் ஏற்கப்படும்; கடனாக வாங்கிய பணம் ஏற்கப்படாது. ஒரே நாளில் வந்து நின்ற பெருந்தொகை, அதைப் பார்க்கும் அதிகாரியின் மனத்தில் எழுப்புவது ஐயத்தை மட்டுமே.

தாம்பத்தியம் உண்மையானது என்பதை மெய்ப்பிக்கும் சான்று பெரிய இருப்பில் இல்லை. சிறிய, தொடர்ச்சியான வரவுசெலவில் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சட்டம் ஒரு மணஉறவை மதிப்பிட நான்கு கூறுகளைப் பார்க்கச் சொல்கிறது: பண ஏற்பாடுகள், இல்லற நடைமுறை, சமூகத்தில் அறியப்படும் தன்மை, ஒருவருக்கொருவர் கொண்ட பற்றுறுதி. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது பணம். மாதந்தோறும் கணவர் அனுப்பிய சிறுதொகை, ஒருவர் மற்றவருக்காகச் செலுத்திய காப்பீட்டுத் தவணை, காப்பீட்டிலும் கணக்கிலும் ஒருவரை ஒருவர் நியமனதாரராகக் குறித்திருப்பது போன்ற பதிவுகளை நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் உண்டாக்க முடியாது. திருமணம் நடந்த மாதத்திலிருந்தே அவை இயல்பாக உருவாகவேண்டும். தாயகத்தில் இருக்கும் மனைவியின் சேமிப்புக் கணக்கில் வெளிநாடுவாழ் கணவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்க முடியும். கணவரின் என்.ஆர்.ஈ. கணக்கில் மனைவியை, ‘முதலாமவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் சேர்க்கவும் வழி இருக்கிறது.

கேட்பது அவநம்பிக்கையா?

“கல்யாணப் பேச்சில் வரிக் கணக்கையும் விசா நகலையும் கேட்டால் சம்பந்தம் கலைந்துவிடாதா?” என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். உறவு நம்பிக்கையில் தொடங்கவேண்டும் என்பதும் உண்மை.

எனினும் எண்ணிப் பாருங்கள். இதே தாள்களை அந்த அரசாங்கம் எப்படியும் கேட்கத்தான் போகிறது. மணமகனின் வருமானம், குடியேற்ற நிலை, முந்தைய திருமணம் இருந்தால் அது சட்டப்படி முடிந்ததற்கான ஆணை ஆகிய அனைத்தும் ஃபைலில் இருந்தே தீரவேண்டும். முன்பின் அறியாத ஓர் அதிகாரி பார்க்கப்போகும் தாளைப் பெண்ணைக் கொடுக்கும் குடும்பம் பார்ப்பதில் என்ன இழிவு இருக்க முடியும்? உண்மையானவர் ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார். தயங்குகிறவரின் தயக்கமும் ஒரு விடைதான். அந்த விடை திருமணத்துக்கு முன் கிடைப்பது நல்லது.

கேள்வி இருபுறமும் செல்லவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கையெழுத்திடும் மணமகனுக்கும் மணமகளுக்கும் இது பெருஞ்சுமை. தங்கள் பிள்ளை ஏற்கும் கடப்பாடு இவ்வளவு நீண்டது என்பதை அவர்களுடைய பெற்றோரும் அறிந்திருக்கவேண்டும். பஞ்சாபில் சில காலமாக வேறொரு வழக்கம் நிலவுகிறது. ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் பெற்ற மணப்பெண்ணின் படிப்புச் செலவை மணமகன் வீட்டார் ஏற்று அவரைக் கனடாவுக்கு அனுப்பி, பின்னர் அவர் வழியாகக் கணவர் செல்ல எதிர்பார்ப்பார்கள். நிலத்தை அடகு வைத்து அனுப்பிய பின் அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போன குடும்பங்களும் உண்டு. ஏமாறுவது ஒரு பாலருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. திருமணத்தை நுழைவுச்சீட்டாகக் கருதுகிற எந்த ஏற்பாடும், அதில் முதலீடு செய்தவரையே முதலில் வருத்துகிறது.

போகிறவரின் கையில் இருக்கவேண்டியவை

ஸ்பான்சர் என்னும் ஏற்பாட்டில் ஒரு சமனின்மை இயல்பாகவே அமைந்திருக்கிறது. அழைத்தவருக்கு ஊர் தெரியும், மொழி தெரியும், சட்டம் தெரியும். வந்தவருக்கு அழைத்தவரை மட்டுமே தெரியும். அரசுகளே இதை உணர்ந்து விதிகளை மாற்றியிருக்கின்றன. புதிதாக மணந்து வருபவர் இரண்டாண்டு துணையோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் வசிப்புரிமை நிலைக்கும் என்று கனடா 2012இல் ஒரு நிபந்தனை விதித்தது. அந்த அச்சத்தால் கொடுமையைப் பொறுத்துக்கொண்டு வாழும் நிலை உண்டாகிறது என்ற கவலை எழுந்து, 2017இல் அது நீக்கப்பட்டது. அமெரிக்காவில் இன்னும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வசிப்புரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறைந்திராவிட்டால், முதலில் இரண்டாண்டுக்கான நிபந்தனை உரிமையே தரப்படும்; அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ளவேண்டும். ஆனால் திருமணம் நல்லெண்ணத்துடன் நடந்து பின்னர் முறிந்துபோனாலோ, துணையின் கொடுமைக்கு உள்ளானாலோ, வந்தவர் தனியாகவே விண்ணப்பிக்க வழி உண்டு. ‘நான் நினைத்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்ற மிரட்டலின் வலிமை பெரும்பாலும் கேட்பவரின் அறியாமையில்தான் இருக்கிறது.

ஆகவே விமானம் ஏறுவதற்கு முன் சிலவற்றை முறைப்படுத்திக்கொள்வது நல்லது. முதலாவது, திருமணப் பதிவு. எல்லா மதத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்யவேண்டும். சான்றிதழில் பெயரும் எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, தன் பெயரில் ஒரு கணக்கு. குடியேறச் செல்பவர் அதை வங்கிக்குத் தெரிவித்துத் தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ளவேண்டும். பழைய கணக்கை அப்படியே விட்டுச்செல்வதும், ‘இனி எதற்கு’ என்று மூடிவிடுவதும் சரியன்று. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து உரிய வரி செலுத்திய பின் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல இடமுண்டு. பெற்றோர் கொடுத்ததோ தாம் உழைத்துச் சேர்த்ததோ, எதுவாயினும் அவருடைய பணம் அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். கைப்பேசி எண், மின்னஞ்சல், இணைய வங்கிக் கடவுச்சொல் மூன்றும் அவருடையவையாகவே இருக்கட்டும். கணவரின் எண்ணுக்கு ஓ.டி.பி. போகும் கணக்கு மனைவியின் கணக்கு ஆகாது.

மூன்றாவது, நகை. முழுவதையும் எடுத்துச் செல்லவேண்டியதில்லை. தன் பெயரிலோ பெற்றோருடன் கூட்டாகவோ பெட்டகம் எடுத்து, பட்டியலிட்டு, நியமனதாரரைக் குறித்து வைத்துவிட்டுச் செல்லலாம். நான்காவது, ஃபைலின் முழு நகல். ஸ்பான்சர் கையெழுத்திட்ட படிவம் உட்பட ஒவ்வொரு தாளின் நகலும் ஸ்பான்சர் செய்யப்பட்டவரிடம் தனியாக ஒரு தொகுப்பு, பெற்றோரிடம் ஒரு தொகுப்பு இருக்கவேண்டும். பிணைப் பத்திரத்தின் நகல் இல்லாமல் எந்தக் கடன்காரரும் தம் உரிமையை நிலைநாட்ட முடியாது, இங்கும் அப்படியே. சிக்கல் நேர்ந்தால் நம் நாட்டில் கேட்பாரில்லை என்று எண்ணவும் வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியரை மணந்து கைவிடப்பட்ட பெண்களின் புகார்களை ஏற்க, தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு இயங்கி வருகிறது.

இவற்றைச் செய்வதால் இல்லறத்தின் இனிமை குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை. வீட்டுக் கடன் வாங்கும்போது தம்பதியர் ஒவ்வொரு பக்கத்திலும் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். அதனால் அந்த வீட்டில் அன்பு குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. ஸ்பான்சர் படிவத்தையும் அவ்வாறே இருவரும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்து நிரப்பட்டும். உங்கள் வீட்டில் அத்தகைய திருமணம் பேசப்படுகிறதென்றால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கிளைக்கு ஒருமுறை வாருங்கள். முத்திரை வாங்க வரும் நாளைவிட, கேள்வி கேட்க வரும் நாளில்தான் எங்களால் உங்களுக்கு அதிகம் உதவ முடியும்.